அடுத்த பேர்

— இல்ல கயலு, இத நான் வாங்கிக்க மாட்டேன். இது உன்னோட ஸ்பைக்ஸ் ஷூ.

— வாங்கிக்கடி அன்பு. பெரும்பாக்கத்துல இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி, காலங்காத்தால இந்த நந்தனம் கிரவுண்டுக்கு இன்னாத்துக்கு வந்தேன்? உன் மூஞ்சிய பாக்கவா? நாளிக்கு பிளேன் ஏறப்போறவ, அடி பிஞ்ச ஷூவ தூக்கிக்கினு போவியா?

— புதுசு வாங்கித் தர்றோம்னு ஸ்போர்ட்ஸ் டிரஸ்ட்டுல அனன்யா மேடம் சொல்லியிருக்காங்க.

— புதுசு கால கடிக்கும். இது பழகினது. ஆறு வருசமா என் செருப்ப நீ போட்டுக்கினு போவ, உன் செருப்ப நான் போட்டுக்கினு போவேன். இப்ப மட்டும் இன்னா புச்சா வெக்கம்?

— அப்ப நீ எத போட்டு ஓடுவ?

— அத நான் பாத்துக்கறேன். போலந்துல செம குளுராமே? ஸ்வெட்டர் கீதா?

— நிறுத்து கயலு. சத்தியமா என்னால தாங்க முடியல.

— இன்னா தாங்க முடியல? ஆறு மாசம் டிரெய்னிங்கு, சாப்பாடு, கோச்சு, தங்கற எடம், அல்லாம் டிரஸ்ட்டு செலவு. அப்புறம் நேரா ஆசியப் போட்டி. ஹர்டில்ஸ்ல இங்கருந்து ஒரே ஒரு ஆளு, நீ. சிரிப்பியா, அத்த வுட்டுட்டு.

— நான் இல்ல, நீதான். நம்ம கோச் வெள்ளைத்துரை சார் செலக்சன் லிஸ்ட்ட ஒட்டினப்ப ரெண்டு பேரும்தானே பாத்தோம்? மொத பேரு கயல். ரெண்டாவது அன்புக்கரசி. மொத ஆளு வரலன்னாதான் ரெண்டாவது ஆளு.

— சரி, மொத ஆளு வரல. ரெண்டாவது ஆளு போறா. இதுக்கு இன்னாத்துக்கு அழுவுற? த்தோ பாரு, வாக்கிங் வந்த பெருசுங்க அல்லாம் நம்மளயே பாக்குது. கண்ண தொட.

— நான் ஒண்ணு சொல்றேன். நடுவுல பேசாத, பேசினா எனக்கு சொல்ல வராது. ரெண்டு மாசம் முன்னாடி உங்க ஆத்தோரத்து வீட்ட காலி பண்ண அன்னிக்கு உன் போன் ஒடஞ்சுபோச்சுல்ல? டிரஸ்ட்டுக்கு என் நம்பர குடுத்த.

— ஆமா. உன் நம்பருதான் எனக்கு மனப்பாடம்.

— மேடம் எனக்கு போன் பண்ணாங்க. பத்தாம் தேதி கயல ஆழ்வார்பேட்டை ஆபீசுக்கு வரச் சொல்லும்மா, டாக்டர் பேப்பரோட வரணும், வரலன்னா அடுத்த பேருக்குப் போயிடும்னாங்க. சொல்றேன் மேடம்னேன்.

— ம்.

— சொல்லல கயலு. ஒன்பதாம் தேதி உன்கூட இதே படியில உக்காந்து வேர்க்கடல தின்னேன். தொண்ட வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். இந்த வருசம் தாண்டினா கல்யாணம்தான்னு எங்கப்பா வேற... இல்ல, அது காரணமில்ல. உன்ன நான் ஒரு தடவகூட ஜெயிச்சதில்ல. அதான். சத்தியமா அதான். ஏதாவது பேசேன்டி. ரெண்டு அறையாச்சும் அறையேன்.

— பத்தாம் தேதி நான் போனேன்.

— எங்க?

— ஆழ்வார்பேட்டைக்கு. அப்ளிகேசன் பாரத்துல எங்கம்மா நம்பரும் கீது. அதுக்கும் மேடம் பேசிட்டாங்க. நீ சொல்ல மறந்துட்டன்னு நெனச்சிக்கினேன்.

— போனியா? அப்புறம் ஏன் நீ...

— முட்டி போச்சுடி. புது வூட்டு லிப்ட்டுல பீரோ நுழையலன்னு நானும் நைனாவும் எட்டு மாடி தூக்கிக்கினு ஏறினோம். ஆறாவது மாடில முட்டிக்குள்ள படக்குனு ஒரு சத்தம்.

— சுளுக்குன்னுதானே எங்கிட்ட சொன்ன!

— சுளுக்கு இல்ல. நடக்கலாம், ஓடக்கூடாதுன்னுட்டாரு டாக்டரு. தாண்டறத கேக்கவே வாணாம். அந்தப் பேப்பர மேடமாண்ட குடுத்துட்டு, அடுத்த பேரு அன்பு, நல்லா ஓடுவா, அவள வுட்றாதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.

— எங்கிட்ட ஏன்டி மறைச்ச?

— சொன்னா நீ போவியா? எனக்காக அழுதுக்கினு இங்கயே குந்திக்குவ. பிளேன் ஏறின பின்னாடி சொல்லிக்கலாம்னு இருந்தேன். எடு, ஷூவ பையில வெய்யி. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது.

— கயலு, இப்படி போகாத. ஏதாவது சொல்லிட்டுப் போ.

— இன்னா சொல்ல? காலு போனா இன்னா, ஓட்டம் போனா இன்னா, நமக்கு அன்பு கீறான்னு சொல்லிக்கினுதான் ரெண்டு மாசமா கண்ண மூடுனேன். நீ இத்த சொல்லாமயே பிளேன் ஏறியிருக்கலாம்டி.