திருட்டு விதை

மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கட்டிய காகிதக் கொடிகள் காஜா பெராங் போகும் பஸ்ஸில் இன்னும் படபடத்துக்கொண்டிருந்தன. எனக்கு முன் இருக்கையில் பசார் கூடைகளோடு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்:

“நாளைக்குக் காலையில வந்து திருடிக்கோ, சரோஜா. நான் கோயிலுக்குப் போயிடுவேன்.”

“மெதுவாப் பேசுங்கக்கா!”

“வெள்ளைக் கத்திரி விதைதானே? ரெண்டு தடவை கையில கொடுத்தேன். ஒண்ணும் நிக்கலேங்கிற.”

“முளைச்சுச்சுக்கா. ரெண்டு இலை விட்டதும் காணாமப் போச்சு. கேட்டு வாங்கின விதை தங்காதாம். திருடி நட்டாத்தான் வளருமாம், எங்க மாமியார் சொல்றாங்க. எங்க வீட்டுக்காரருக்கோ பசார்ல விக்கிற நீட்டக் கத்திரி ஆகாது.”

“அதான் திருடச் சொல்றேன். விதைக்கு விட்ட காய்க்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கேன். மஞ்சளாப் பழுத்திருக்கும், பாத்ததும் தெரியும்.”

“நாய்?”

“கட்டிப் போட்டுட்டுத்தான் போவேன்.”

“பேசாம நீங்களே பறிச்சுப் படியில வெச்சிடுங்களேன்.”

“அப்புறம் அது கொடுத்ததா ஆயிடும்லா!”

சரோஜா அதை ஒப்புக்கொண்டாள். பஸ் நின்றது. மூத்தவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கப் போனவள், படியிலிருந்து திரும்பினாள்.

“இன்னொண்ணு. அது திருட்டு விதைன்னு உன் கோழிங்களுக்குத் தெரியாது. முதல்ல அதுங்களைக் கூண்டுல அடை, அப்புறம் நடு.”