ஊத்தாத எண்ணெய்

பின்னேரம் நாலரை மணி… மார்கழி மாதம். லண்டனில அந்த நேரத்துக்கே கும்மிருட்டு. சரே டொக்ஸ் ஸ்டேசனில இறங்கி, கிரீன்லாண்ட் டொக் எண்ட பழைய துறைமுகக் கரையால ஒரு பொம்பிளை தனிய நடந்து வாறா. ஒரு பக்கம் பாதி கட்டின புதுப் பிளாட்டுகள். மற்றப் பக்கம் கறுத்த தண்ணி. கப்பல் வாறது நிண்டு கனகாலம். ரோட்டில சனமில்லை… அவவின்ர சப்பாத்துச் சத்தம் மட்டும்.

இன்னும் கிட்ட வாங்கோ. பலத்துச் சொல்ல ஏலாது. அக்கா மேல பிள்ளையை நித்திரையாக்கிறா. அத்தான் ஷிப்டால வர முதல் சொல்லி முடிக்கவும் வேணும்.

அந்தப் பொம்பிளை சிவனேஸ்வரி. எங்கட அத்தான் குலசேகரத்தின்ர சித்தப்பா மகள். புருசன் கணேசலிங்கம், பெற்றோல் ஸ்டேசனில பகல் வேலை. எண்பத்தெட்டில அகதியா வந்த ரெண்டு பேருக்கும் டொக் கரையில கவுன்சில் ஒரு பிளாட் குடுத்தது. கீழ்வீடு. அந்தப் பக்கத்தில வேற தமிழாக்கள் இல்லை. வந்த முதல் கிழமையே, கதவில கடிதம் போடுற ஓட்டையால ஆரோ குப்பை தள்ளினவங்கள். முன்வீட்டுக் கிழவன் இவையைக் கண்டால் நிலத்தில துப்புவான்.

அண்டைக்குக் கதவைத் திறக்கிறா… குசினியில வெளிச்சம்.

சாமித்தட்டில விளக்கு எரியுது. விடியக் கொளுத்தினது. ஒரு கரண்டி நல்லெண்ணெய்தான் விட்டவ… எப்பவோ நூந்திருக்க வேணும். கிட்டப் போய்ப் பார்த்தா, எண்ணெய் விளிம்பு முட்ட நிக்குது. மஞ்சள் நிறம். நல்ல தடிப்பு. விரலால தொட்டா… சில்லெண்டு குளிர். மணந்து பார்த்தா மீன் வெடுக்கு. சுத்த சைவம் அவ. சவுக்காரம் போட்டு உரஞ்சி உரஞ்சிக் கழுவினா. மணம் போகேல்லை.

கணேசலிங்கம் வந்து பார்த்திட்டு, "உவங்கள்தான்" எண்டார். "உள்ளுக்கு வந்து கொழுப்பை ஊத்திப்போட்டுப் போயிருக்கிறாங்கள். எங்களைக் கலைக்கிறதுக்கு."

உடன பூட்டு மாத்தினார். விளக்கை வடிவாக் கழுவித் துடைச்சு, வெறும் விளக்கா வைச்சார். எண்ணெய் விடேல்லை. திரியும் போடேல்லை.

அடுத்த நாளும் எரிஞ்சது.

பிறகு சத்தம்… நிலத்துக்குக் கீழ. குளுக்… குளுக்… எண்டு, பெரிய அண்டாவில ஏதோ கொதிக்கிற மாதிரி. ஹீற்றர் போடாத வீட்டில குசினி நிலம் மட்டும் சுடும். சிவனேஸ்வரி வெறுங்காலோட அதில போய் நிப்பாவாம். "நல்லா இருக்கு, நீங்களும் வந்து நில்லுங்கோ" எண்டு சொல்லுவாவாம்.

அவ மெலியத் தொடங்கினா.

சாப்பிடாமல் இல்லை. சோறு, பாண், உருளைக்கிழங்கு… எவ்வளவு போட்டாலும் சாப்பிட்டா. சாப்பிட்டு முடிய, இன்னும் பசிக்குது எண்டா. பாத்திரம் கழுவேக்க காப்புகள் தானாக் கழண்டு விழுந்தது. ஆஸ்பத்திரியில இரத்தம் எடுத்துப் பார்த்திட்டு, ஒரு வருத்தமும் இல்லையெண்டு அனுப்பிப்போட்டினம்.

அந்த நேரம், வீடு கட்டுறவங்கள் டொக் கரையில ஒரு அறிவிப்புப் பலகை நட்டாங்கள். துறைமுகத்தின்ர பாரம்பரியமாம். காசுக்காரருக்குப் பிளாட் விக்கிறதுக்கு. ஐஸ் கடலுக்குப் போய்த் திமிங்கிலம் பிடிச்ச கப்பலெல்லாம் இதுக்குள்ளதான் வந்து நிக்குமாம். கொழுப்பைத் துண்டு துண்டா வெட்டிப் பீப்பாயில போட்டுக்கொண்டு வருவினமாம். கரையில பெரிய அண்டாக்கள்… அதில போட்டுக் காய்ச்சி எண்ணெய் எடுப்பினமாம். அந்த எண்ணெயிலதான் லண்டன் தெருவில விளக்கு எரிஞ்சதாம். படமும் கீறி வைச்சிருந்தவங்கள். அண்டாவைச் சுத்தி நிண்டு கிண்டுற ஆம்பிளையள்.

கணேசலிங்கம் வேலையால வரேக்க நிண்டு அதை வாசிச்சவர். வாசிச்சுப்போட்டு அந்த மனுசன் ஓடின ஓட்டம்…

கதவைத் திறந்தா, சிவனேஸ்வரி குசினி நிலத்தில குந்தியிருக்கிறா. முன்னால விளக்கு. கையை அதுக்கு மேல நீட்டிப் பிடிச்சிருக்கிறா. விரல் நுனியால… சொட்டு… சொட்டு… மஞ்சளா விழுகுது.

"என்னப்பா செய்யிறீர்?"

அவ திரும்பேல்லை. "கேக்கினம்" எண்டா. "இன்னும் எண்ணெய் காணாதாம்."

அப்ப பக்கத்து அறைக்குள்ள… ஆணி அடிச்ச சப்பாத்துக் காலுகள். ஒண்டு ரெண்டில்லை. இரும்பால நிலத்தைச் சுரண்டுற சத்தம்… இவையை நோக்கி வருது. கணேசலிங்கம் அவவை வாரித் தூக்கினவர். பள்ளிக்கூடப் பிள்ளையின்ர பாரமும் இல்லையாம். கோட்டும் இல்லை, சப்பாத்தும் இல்லை… பெரிய ரோட்டு வரைக்கும் ஓடி ஒரு மினிகாப்பை மறிச்சு, ஈஸ்ட் ஹாமுக்கு, இந்த வீட்டுக்குத்தான் வந்தவை. இந்தச் சோபாவிலதான் அவ கனநாள் கிடந்தவ. பேந்து தேறிட்டா. இப்ப ரெண்டு பேரும் கனடாவில.

ஆனா கனடாவுக்குப் போக முதல், அங்க விட்டிட்டு வந்த பாஸ்போட்டுகளை எடுக்க வேணும். தனியப் போக மாட்டனெண்டு கணேசலிங்கம் சொல்லிப்போட்டார். அத்தான் கூடப் போனார். நடுமத்தியானம், நல்ல வெயில். வீட்டுக்குள்ள ஒண்டும் இல்லை. விளக்குக் காஞ்சு போய்க் கிடந்தது.

வெளியில வரேக்க முன்வீட்டுக் கிழவன் வழியை மறிச்சான்.

"அவளை எங்க கொண்டு போனாய்?" எண்டு கணேசலிங்கத்தின்ர சேட்டுக் கொலரைப் பிடிச்சானாம். "திருப்பிக் கொண்டு வா. அவள் இருக்கும்வரைக்கும் அதுகள் எங்களைத் தொடேல்லை."

அவன்ர திறந்த கதவுக்குள்ள, கதிரையில அவன்ர மனுசி. எலும்பும் தோலும்… கலியாண மோதிரம் கழண்டு விழாமல் நூலால விரலோட கட்டி வைச்சிருந்தாவாம்.

கணேசலிங்கம் கிழவனைத் தள்ளிப்போட்டு ஓடிட்டார். பின்னால நிண்டது அத்தான். எங்கட அத்தான்ர உடம்பு தெரியும்தானே… கிழவன் அவரை மேலையும் கீழையும் பார்த்தானாம். பார்த்திட்டுச் சிரிச்சானாம்.

"நீ நல்லாத் தடிச்சிருக்கிறாய். நீ வந்து இரன்."

இதைச் சொல்லிச் சொல்லி அத்தான் எத்தினை தரம் சிரிச்சிருப்பார். நாங்களும் சிரிச்சனாங்கள்.

போன கிழமை என்னைத் தனியக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை உன்ர வான் சும்மாவோ? வீட்டுச் சாமான் ஏத்த வேணும்."

அந்தப் பிளாட்டைக் கவுன்சிலில கேட்டு எடுத்திட்டாராம். ஒருத்தரும் போகாத பிளாட்… உடன குடுத்திட்டினமாம்.

"உங்களுக்கென்ன விசரோ அத்தான்? அக்காவுக்குச் சொன்னீங்களோ?"

"அங்க போய்ச் சொல்லுவம்" எண்டார்.

அதுக்குத்தான் உங்கள் எல்லாரையும் இண்டைக்கு வரச் சொன்னனான். விடிஞ்சா சனி. வான் வாசலில நிக்குது. வானை எடுக்கிற திறப்பை நான் ஒளிச்சு வைச்சிருக்கிறன்… ஆனா எத்தினை நாளைக்கு ஒளிக்க ஏலும்?

முதல் எதை ஏத்திறது எண்டு சும்மா கேட்டுப் பார்த்தனான். கட்டிலோ, அலுமாரியோ எண்டு. அவர் தலையை நிலத்துப் பக்கம் சரிச்சார்… ஆரோ சொல்லுறதைக் காது குடுத்துக் கேக்கிற மாதிரி.

பேந்து சொன்னார்…

"பிள்ளையின்ர தொட்டிலை ஏத்து."