அவருக்கு பிரெஞ்சு வந்துவிட்டது

தவளக்குப்பத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். இளையவளின் மடியில் சாப்பாட்டுத் தூக்கு. கால் முறிந்து கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கிடக்கும் மாமியாருக்கு அது என்று பேச்சில் தெரிந்தது.

“உன் வீட்டுக்காரரு மட்டும் பிரான்ஸ்லயே இருக்காரா?” என்றாள் மூத்தவள்.

“அவருக்கு பிரெஞ்சு வந்துடுச்சுக்கா. அதான் என்னை அனுப்பிட்டாரு.”

“இது என்னடி கூத்து?”

“கம்பெனி அனுப்பி நாங்க போனப்ப அவருக்கு ஒரு வார்த்த தெரியாது. நான் இங்க ஸ்கூல்லயே பிரெஞ்சு படிச்சவ. வீடு பாக்க, பேங்க்ல, டாக்டர்கிட்ட, எல்லாத்துக்கும் நான்தான் பேசுனேன். ஒரு பேக்கரியில வேலைக்குக்கூடக் கூப்ட்டாங்க.”

“போவலியா?”

“‘நீ வேலைக்குப் போயிட்டா எனக்கு யாரு பேசுவா’ன்னாரு. இப்ப ஆபீஸ்லயே அவருக்குக் கத்துக்குடுத்துட்டாங்க. ‘இனிமே நான் சமாளிச்சிக்கிறேன், நீ போய் அம்மாவப் பாத்துக்கோ’ன்னுட்டாரு.”

“மாமியா எழுந்து நடந்துட்டா திரும்பக் கூப்புடுவாருல்ல?”

பதில் வருவதற்குள் போன் அடித்தது. “சொல்லுங்க” என்றாள். பிறகு வேறு யாரிடமோ பிரெஞ்சில் நிதானமாகப் பேசினாள். கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“யாருடி அது?”

“குழாய் ரிப்பேர்காரன். சமையல்கட்டுல தண்ணி ஒழுவுதாம். அவன் பேசுறது இவருக்குப் புரியலையாம்.”

மூத்தவள் சிரித்துவிட்டாள். “பாத்தியா, நீ இல்லாம ஆவல! எப்ப வரச் சொன்னாரு உன்ன?”

“வியாழக்கிழம அவன் மறுபடி வர்றானாம். அப்ப மறக்காம போன எடுக்கச் சொன்னாரு.”