சும்மா கிடக்கிற குழி

— சிரிக்காதீங்க மரியமலரக்கா. பலெர்மோவோட தண்ணிப் பஞ்சத்தை நான் இன்னிக்கு முடிச்சு வச்சுட்டேன்.

— ஓம் ஹரித் தம்பி. அதுதான் காலமை குழாயிலை காத்து வந்தது.

— குழாய் இல்லக்கா, நான் சொல்றது நிலத்தடி நீர். மலையடிவாரத்துல ஒரு பெரிய குழி இருக்குல்ல? வெள்ளம் ஊருக்குள்ள பாயாம பிடிச்சு வைக்கிறதுக்கு வெட்டினது. வெள்ளத் தடுப்பு ஆபீஸோட சொத்து. வருஷத்துல முக்காவாசி நாள் அதுல ஆடு மேயுது.

— மழை பெய்தால்?

— பிடிப்பாங்க. அடுத்த நாளே கடலுக்குத் திறந்து விட்டுருவாங்க. ரெண்டு வாரம் தேக்கி வச்சா மண்ணுல இறங்கும், கிணறெல்லாம் ஊறும், குழியை எங்களுக்கும் கொஞ்சம் விடுங்கன்னு தண்ணி ஆபீஸ் கேக்குது.

— விட வேண்டியதுதானே?

— அங்கதான் கூத்தே! இன்னிக்கு ரெண்டு ஆபீஸுக்கும் மீட்டிங், நானும் போயிருந்தேன். "குழியின் கடமை காலியாக இருப்பது"ன்னாரு வெள்ளத் தடுப்பு இன்ஜினியர். டை கட்டிக்கிட்டு, சிரிக்காம.

— திடீரெண்டு அடுத்த மழை வந்தால் எண்டு பயப்பிடுறார் போல.

— மழை என்ன சொல்லாமலா வருது? ரெண்டு நாள் முன்னாடியே தெரிஞ்சிடும், திறந்து விட்டா போச்சு. அப்புறம், தேங்குற சேத்தை யார் அள்றதுன்னு அரை நாள் சண்டை. மதகுச் சாவி யார்கிட்ட இருக்கணும்னு மீதி அரை நாள். எல்லாம் எழுத்துல வேணுமாம். நான் எழுந்து நின்னேன். "சும்மா கிடக்கிற இடத்தை அடுத்தவனுக்கு விட மனசு போதும், காகிதம் எதுக்கு?"ன்னேன்.

— இத்தாலியனிலையோ?

— இங்கிலீஷ்ல. புரியாததால எல்லாரும் கை தட்டினாங்க.

— நல்லது. இந்த மூட்டையின்ரை முனையை ஒருக்கால் பிடியுங்கோ.

— அப்பா! அரிசியா? எங்கக்கா தூக்கிட்டுப் போறீங்க?

— பெருமழை வருமெண்டு ஆரஞ்சு அலெர்த்தா சொல்லியிருக்கினம், கேக்கேல்லையே? போன மழைக்குப் பல்லரோச் சந்தைச் சாக்கடை முழுக்க என்ரை கடைக் கீழறைக்குள்ளைதான் வந்தது. கிறிஸ்மஸுக்கு எடுத்த அரிசி அவ்வளவும் அங்கைதான் கிடக்கு. இது நனைஞ்சால் கடையைப் பூட்டிப்போட்டுத் திரும்பவும் அந்த இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மா வீட்டிலை நிலம் துடைக்கத்தான் போகோணும்.

— ஐயோ, சீக்கிரம் வாங்க. எங்க வைக்கணும்?

— மேலை, உங்கடை வீட்டிலை. உங்களோடை இருக்கிற வரதராஜன் தம்பி ஊருக்குப் போய் அவரின்ரை அறை வெறுமையாய்த்தானே இருக்கு?

— இருக்கு... ஆனா அவன் திடீர்னு வந்துட்டா?

— அவர் அடுத்த மாசமெல்லோ வாறார்?

— டிக்கெட்டை மாத்தலாம்லக்கா.

— மாத்தினால் உங்களுக்குச் சொல்லாமலோ வருவார்?

— சரி, அரிசி சிந்தினா? எறும்பு வரும். யார் கூட்டுறது?

— நான் கூட்டுறன்.

— அப்ப சாவி உங்ககிட்ட இருக்கணும். ரூம் அவனோடது, வீட்டுக்கதவு ரெண்டு பேரோடது. அவனைக் கேக்காம நான் எப்படி...

— கேட்டனான். "எனக்குப் பிரச்சினை இல்லை, ஹரியைக் கேளுங்கோ" எண்டவர்.

— பாத்தீங்களா, அவனும் முழுசா ஓகே சொல்லல.

— தம்பி, மழை துமிக்குது.

— படியிலயே அடுக்கிடலாமாக்கா? படி பொது. யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

— முற்றத்துப் படிக்குக் கூரை எங்கை இருக்கு? அந்தக் கதவைத் திறவுங்கோ!

— ஒரு கையில மூட்டையைப் பிடிச்சுக்கிறேன், இன்னொரு கையால வரதனுக்கு மெயில் போடுறேன். அவன் எழுத்துல ஒரு வரி அனுப்புற வரைக்கும் இப்படியே நனைஞ்சுக்கிட்டு நிப்போம்க்கா.