ஒரு மழை தாங்கும் பலகை

கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டி போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். பேச்சில் தெரிந்தது: ஒருவர் அக்கா புருஷன், இன்னொருவர் அவருடைய மச்சினன். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு ஒரு ரூம் இறக்குகிறார்கள். சுவருக்கு என்ன பலகை அடிப்பது என்று பேச்சு.

"ஒரு மழை தாங்குனா போதும் மாப்ள. ஓ.எஸ்.பி.யே போடுவோம்," என்றார் அக்கா புருஷன்.

அதைக் கேட்டுத்தான் நான் காது கொடுத்தேன்.

"அது மரச்சில்லு ஒட்டுன பலகை மாமா. ஓரத்துல தண்ணி எறங்குனா ஊதிரும். ப்ளைவுட்டு போடுங்க."

"கடைக்காரன் ஒனக்குக் கமிஷன் தாரானா? ஊதுற வரைக்கும் ஒங்கக்கா இருக்கணும்ல. ஆஸ்பத்திரியில என்ன சொல்லி அனுப்புனாக? நீயுந்தான கூட நின்ன."

மச்சினன் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா சித்தாளா பாதி ஊருக்கு வீடு கட்டுனவ. சைட்டுல சிமெண்டு மூட்டை வைக்கிற ஷெட்டுக்குத்தான அந்தப் பலகைய அடிப்பாக? வேலை முடிஞ்சதும் பிரிச்சிருவாக. கட்டில்ல படுத்து அதையே பாத்தா அவளுக்கு வெளங்காதா?"

"ப்ளைவுட்டுன்னா அவ போன பெறகும் நிக்கும்டா. நானில்ல தெனமும் அதப் பாக்கணும்."

"பெறகு நானே வந்து பிரிச்சுப் போடுறேன் மாமா. அவ இருக்கையில வேணாம்."

ஊர் வந்ததும் அக்கா புருஷன் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ப்ளைவுட்டே நல்ல கனமாப் பாத்து வாங்கு," என்று சொல்லிவிட்டு முதலில் இறங்கினார்.