கிணறு இருந்த இடத்தில் லிஃப்ட்

நெருங்கி உட்காருங்கள். அந்த டார்ச்சையும் அணைத்துவிடுங்கள். இது என் நண்பனின் பெரியப்பாவுக்கு நடந்தது.

மதியம் இரண்டு மணி. ஆமாம், பட்டப்பகல்தான். வெயிலுக்குப் பயந்து தெருவில் ஒரு நாய்கூட இல்லை. பெரியப்பா லிஃப்ட் மெக்கானிக். உதவிக்கு மச்சான், அதாவது பெரியம்மாவின் தம்பி. பெரியம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த ஒரே தம்பி.

அந்தக் குடியிருப்பின் லிஃப்ட் குழியில் தண்ணீர் ஊறி, அடியில் இருந்த நிறுத்தும் சுவிட்ச் கெட்டுப்போயிருந்தது. லிஃப்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்த முதல் மாடிப் பெரியவர் சிரித்தார். ஒரு காலத்தில் அந்த நிலமே அவருடையது.

"ஊறாம என்ன செய்யும்? அங்கதான் எங்க கிணறு. இந்தத் தெரு பூரா கடலைக்கொல்லை. கிணத்த ஆழப்படுத்த ஒருத்தன இறக்கியிருந்தேன். அதுக்குள்ள நிலம் விலை போயிடுச்சு. ஒரே ராத்திரியில தூர்த்துட்டோம்ல!"

மச்சான் குழிக்குள் இறங்கினான். பெரியப்பா இரண்டாம் மாடியில், லிஃப்டின் கூரைமேல் ஏறி நின்றார்.

"மாமா, மேல தூங்கிடாதீங்க."

"தூங்கினா உங்கக்கா என்னை விட்டு வைப்பாளாடா?"

"தூங்காட்டியும் விட மாட்டா!"

அவர்களுக்குள் ஒரு வழக்கம். வேலை முடிந்து குழியைவிட்டு வெளியே ஏறிய பிறகுதான் மச்சான் "இறக்கு" என்று கத்துவான். மூன்று முறை. மூன்றும் காதில் விழாமல், லிஃப்டை இறக்கும் பொத்தானைப் பெரியப்பா தொட்டதே இல்லை.

தண்ணீர் இறைத்த மோட்டார் நின்றது. ஒரே அமைதி. பிறகு... புதிதாய் வெட்டிய ஈர மண்ணின் வாசம். கிரீச்... கிரீச்... மர உருளையில் கயிறு ஓடுகிற சத்தம். லிஃப்டில் ஏது மர உருளை?

"இறக்கு..."

தொண்டை கட்டிய குரல். தண்ணீரிலேயே நின்றானே, அதனால் என்று நினைத்துக்கொண்டார்.

"இறக்கு..."

காத்திருந்தார்.

"இறக்கு..."

பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கியது. அடிக்கு வந்ததும் ஏதோ தடுத்தது. துரு என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

ஒரு அலறல்கூட இல்லை.

வெளியே எடுத்தபோதுதான் தெரிந்தது. மச்சானின் வாய் நிறைய, தொண்டைவரை, ஈரச் செம்மண். அது சிமெண்ட் பூசிய குழி. ஒரு பிடி மண் கிடையாது அங்கே.

பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். "மூணு வாட்டி சொன்னானே... இறக்கு இறக்குன்னு சொன்னானே! அவன் அக்காகிட்ட போய் நான் என்னன்னு சொல்லுவேன்?"

பெரியவர் நாற்காலியைவிட்டு எழவில்லை.

"அது உன் மச்சான் இல்லப்பா. அன்னிக்கும் கிணத்துக்குள்ள இருந்து அவன் இதையேதான் கத்தினான்... கயித்த இறக்கு, கயித்த இறக்குன்னு. நாலாவது லாரி மண்ணு கொட்டுற வரைக்கும் சத்தம் வந்துச்சு."