யூதாஸுக்குப் பணம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த பெண் பக்கத்துப் பெரியவரிடம், "யூதாஸுக்குத்தான் மாமா பணம் கேக்கறேன்" என்றாள். எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

"அவனுக்குத்தான் அப்பவே முப்பது வெள்ளிக்காசு குடுத்துட்டாங்களே."

"வெளையாடாதீங்க மாமா. குறும்படம் எடுக்கப்போறேன். ஈஸ்டர் நாடகத்துல யூதாஸா நடிச்சவரப் பத்தி."

"அப்போ ஏசு கதையா?"

"இல்ல, நடிச்சவரு கதை. எங்க அப்பா கதை."

"அவருதான் தவறிட்டாரே, எப்டி நடிப்பாரு?"

"அவரா வேற ஒருத்தரு நடிப்பாரு."

"அவன் யூதாஸா?"

"அவரு அப்பா. அப்பாதான் யூதாஸ்."

பெரியவர் தலையைச் சொறிந்தார். "ஒன்னும் புரியலம்மா. ஏசுவா நடிச்சது நானு. கைதட்டுனது எனக்கு. அவருக்கு இன்னா கதை?"

"பள்ளிக்கூடத்துல என்னை 'காட்டிக்குடுத்தவன் பொண்ணு'ன்னு கூப்ட்டாங்க மாமா. வூட்ல வந்து அழுதா அப்பா சிரிச்சிக்கினு இருப்பாரு. அடுத்த வருசமும் போயி நடிப்பாரு. ஏன்னு எனக்குத் தெரியணும்."

அவர் வெளியே கரும்பு வயலைப் பார்த்தார்.

"பணம் தர்றேன். ஆனா படத்துல ஒன்னு வைக்கணும். முத்தம் குடுத்துக் காட்டிக்குடுக்கற எடத்துல, வருசா வருசம் ஒங்கப்பா என் காதுல ஒன்னு சொல்லுவாரு."

"இன்னா?"

"'மச்சான், பசிக்குது, சீக்கிரம் செத்துத் தொலை'ன்னு."

அவள் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"ஏசு சிரிக்கலாமா? பல்லக் கடிச்சிக்கினு நிப்பேன். ஜனங்க அத வேதனைன்னு நெனச்சி அழுவாங்க."